பிறிதிடத்து அமைந்த ஈரல்

அட்டனில் உயிரியல் பயிலும் மாணவி ஒருத்தி மருத்துவக் குறிப்பொன்றைக் கொணர்ந்து, "ஐயா, இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது?" என வினவினாள். கல்லீரலுக்குப் புறத்தே, அதனோடு தொடர்பின்றி, ஈரல் இழையம் சிறு துணுக்காய் வளர்ந்திருப்பதைக் கூறுவது அக்குறிப்பு. இந்நிலை மிக அரிது. பெரும்பாலும் பித்தப்பை மீதும், சிறுபான்மை உதரவிதானம், மண்ணீரல், கொப்பூழ் ஆகியவற்றிலும் காணப்படும். நோவு செய்யாமையின், வேறொன்றன் பொருட்டுச் சத்திரசிகிச்சை செய்யுங்கால் வைத்தியர் கண்ணிற் படுவதே வழக்கம்.

"வழிதவறிய ஈரல் எனலாமா?" என்றாள். நான் இசைந்தேனல்லேன். கருவின் நான்காம் வாரத்தில் முன்குடலிலிருந்து ஈரல் அரும்புகின்றது. அவ்வளர்ச்சிக் காலத்திலேயே ஒரு கூறு அயலே அமைந்துவிடுகின்றது. பிறக்கும்போதே அங்கிருப்பதை வழிதவறியது என்பது முறையோ?

அதன் அணுக்களும் ஈரலணுக்களே. ஆயினும் குருதிக் குழாய்களும் பித்தநாளங்களும் நிறைவுற வாய்க்காமையால், அதிற் புற்றுத் தோன்றும் வாய்ப்பு மிகுதி என்பர். குறை இருக்கும் இடத்தினதன்று, இணைப்பின்மையினது.

தேயிலை மலைகளில் வாழ்வோர்க்கு இது புதிய செய்தியன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மண்ணிற் பிறந்தோர் பலரையும் நாடற்றோராக்கிற்று. எஞ்சியிருந்தோர்க்கும் அவர் வழியினர்க்கும் உரிமை நல்கிய சட்டம் 2003 இலேதான் வந்தது. இம்மாணவியின் பாட்டியாரும் இங்கே பிறந்து, நெடுங்காலம் நாடற்றிருந்தவரே. 'வந்தேறி' என்னும் ஒரு சொல்லின் சுமையை அவர் அறிவார்.

ஆதலின் 'பிறிதிடத்து அமைந்த ஈரல்' என எழுதுவித்தேன். அமைதல் என்பதற்கு உண்டாதல், பொருந்துதல் என இரு பொருளும் உண்டு.