எம் ஒன் பேப்பர்: இன்டர்னல் 36 இருந்தும் ஏன் அரியர்?

இன்னிக்கு நாம பேசப்போறது இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பரைப் பத்தி. சிலபஸ்ல அதோட பேரு ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’. ஹாஸ்டல்ல எல்லாருக்கும் அது ‘எம் ஒன்’. அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைப்புக் கல்லூரிகள்ல, 2021 ரெகுலேஷன்ல படிக்கிறவங்களை மனசுல வெச்சுத்தான் சொல்றேன். தன்னாட்சிக் கல்லூரின்னா விதிகள் கொஞ்சம் மாறும். அதுக்கப்புறம் வந்த ரெகுலேஷன்ல சேர்ந்தவங்களுக்குப் பாடத்திட்டமே வேற. அவங்க தங்களோட ரெகுலேஷனை பக்கத்துல வெச்சுக்கிட்டு கேளுங்க.

நான் இந்தப் பேப்பரை நடத்துற ஆள். ரிசல்ட் வர்ற அன்னிக்கு தவறாம ஒரு கேள்வி வரும்: “சார், இன்டர்னல் 36 இருக்கு சார். எப்படி சார் அரியர் போட்டாங்க?” பையன் பொய் சொல்லல. நிஜமாவே 36 இருக்கும். எங்கேயோ தப்பு நடந்திருக்குன்னு வீட்டுல அப்பாவும் நம்புவார். ஒரு தப்பும் நடந்திருக்காது. விதியில ரெண்டு வரி இருக்கு, முதல் வரியோட எல்லாரும் நிறுத்திக்கிறாங்க.

முதல் வரி: இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60, கூட்டி 50 எடுத்தா பாஸ். இது எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது வரி: செமஸ்டர் தேர்வுல மட்டும் தனியா குறைஞ்சது 45 சதவீதம் எடுக்கணும். அதாவது 100 மார்க் பேப்பர்ல 45. அதை 60-க்கு மாத்தினா 27.

இப்ப கணக்குப் போடுங்க. இன்டர்னல் 36 உள்ள பையன் பேப்பர்ல 40 எடுக்கிறான். 40-ஐ 60-க்கு மாத்தினா 24. மொத்தம் 60. பாஸ் மார்க்கை விட 10 அதிகம். ஆனாலும் அரியர்தான், ஏன்னா 45 வரல. இன்னொருத்தனுக்கு இன்டர்னல் 23. அவன் பேப்பர்ல சரியா 45 எடுத்தா 23-ம் 27-ம் சேர்ந்து 50. பாஸ். ஆக, பாஸ் ஆகுறதுக்கு இன்டர்னல் உதவுறது 23 வரைக்கும்தான். அதுக்கு மேல வர்ற ஒவ்வொரு மார்க்கும் கிரேடுக்குத்தான் போகும். 23-க்குக் கீழ போனா மட்டும் பேப்பர்ல அதிகம் எடுக்க வேண்டிவரும்: இன்டர்னல் 15 இருக்கிறவன் 59 எடுக்கணும்.

சரி, அந்த 40 எங்கிருந்து வருது? ரெண்டு அசெஸ்மென்ட். ஒவ்வொண்ணும் 100. அதுல எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட் மாதிரியான வேலைகளுக்கு 40. ரெண்டையும் கூட்டி 40-க்குக் குறைப்பாங்க. அப்படிப் பார்த்தா 40-ல 16 மார்க் அசைன்மென்ட்ல இருந்து வருது. அசைன்மென்ட் எப்படி எழுதப்படுதுன்னு உங்களுக்கே தெரியும். வகுப்புல ஒருத்தர் போடுவார், ராத்திரி வாட்ஸ்அப்ல வரும், காலையில அறுபது பேர் கையெழுத்துலயும் அதே விடை இருக்கும், நாலாவது ஸ்டெப்ல அதே மைனஸ் விட்டுப்போயிருக்கும். அழகா மார்ஜின் போட்டு, தலைப்புக்கு அடியில கோடு போட்டுக் கொடுப்பாங்க. 16 வந்துடும். டெஸ்ட்ல பாதி எடுத்தாலும் 12. மொத்தம் 28. நாம சொன்ன 23-ஐத் தாண்டியாச்சு.

அதனாலதான் இந்தப் பேப்பர்ல விழுகிற பசங்கள்ல நிறைய பேர் இன்டர்னல்ல விழுறதில்ல. அந்த 45-லதான் விழுறாங்க. அசைன்மென்ட் கொடுக்கிறதே அந்த 45-க்குக் கை பழகட்டும்னுதான். அதை வாட்ஸ்அப்ல வாங்கி எழுதினா மார்க் வரும், பழக்கம் வராது. வாத்தியார் மேலயும் தப்பு இருக்கு, அறுபது பேருக்கும் ஒரே அஞ்சு கணக்கைக் கொடுத்தா காப்பி அடிக்காம என்ன செய்வாங்க? ரோல் நம்பரோட கடைசி இலக்கத்தை கணக்குக்குள்ள ஒரு எண்ணா வைக்கச் சொல்லலாம். இப்ப நான் அப்படித்தான் கொடுக்கிறேன். திருத்துறது எனக்குத் தலைவலிதான், ஆனா வகுப்புக்கு வெளியே பசங்க ஒருத்தரை ஒருத்தர் “உனக்கு எப்படி வந்துச்சு?”ன்னு கேக்கிற சத்தம் கேக்குது.

அடுத்து பேப்பர். மூணு மணி நேரம். ரெண்டு மார்க் கேள்வி பத்து, 16 மார்க் கேள்வி அஞ்சு. யூனிட்டுக்கு ரெண்டு ரெண்டு மார்க் கேள்வி, ஒரு 16 மார்க். 16-ல ‘இது அல்லது அது’ன்னு சாய்ஸ் உண்டு, ஆனா ரெண்டுமே அதே யூனிட்ல இருந்துதான் வரும். அதனால ஒரு யூனிட்டை விட்டா 20 மார்க் போச்சு. அஞ்சு யூனிட்: மேட்ரிசஸ், டிஃபரென்ஷியல் கால்குலஸ், பல மாறிகள் உள்ள சார்புகள், இன்டக்ரல் கால்குலஸ், மல்டிபிள் இன்டக்ரல்ஸ்.

சீனியர் அண்ணன் என்ன சொல்லிக் கொடுப்பார்? “தம்பி, மூணு யூனிட் போதும்டா.” கேக்க நல்லா இருக்கு, மூணு யூனிட்னா 60 மார்க். ஆனா அந்த 60-க்கு 60 எடுக்கிற பையன் மூணு யூனிட்டோட நிறுத்த மாட்டான். நிறுத்துறவன் அதுல அறுபது சதவீதம் எடுப்பான், 36 வரும். அரியர். அதே தரத்துல நாலு யூனிட் படிச்சா 48. அஞ்சையும் பாதிப் பாதி தெரிஞ்சு வெச்சாலே 50. பாதின்னா என்ன? ரெண்டு மார்க் கேள்விகளைப் பிடிச்சுக்கணும், 16 பெரும்பாலும் எட்டு எட்டா பிரிஞ்சு வரும், அதுல ஒரு எட்டு.

விடப்படுற யூனிட் பெரும்பாலும் கடைசி, மல்டிபிள் இன்டக்ரல்ஸ். எனக்கு வருத்தமே இதுதான், ஏன்னா படம் வரையத் தெரிஞ்சா பாதி வேலை முடியிற யூனிட் அது. ஒரு கணக்கு சொல்றேன், பேப்பர்ல எழுதிக்குங்க. ஈ-யோட அடுக்கு எக்ஸ் ஸ்கொயர். இதை முதல்ல எக்ஸைப் பொறுத்து, ஒய்-ல இருந்து 1 வரைக்கும் தொகையிடணும். அப்புறம் ஒய்-யைப் பொறுத்து, 0-ல இருந்து 1 வரைக்கும். நேரா இறங்கினா முதல் வரியிலயே நின்னுடுவீங்க. ஈ பவர் எக்ஸ் ஸ்கொயருக்கு நமக்குத் தெரிஞ்ச சார்புகள்ல தொகையீடே கிடையாது. நிறைய பேர் அங்க உக்காந்து இருபது நிமிஷத்தை விடுறாங்க.

அதுக்குப் பதிலா பகுதியை வரைங்க. எக்ஸ் சமம் ஒய் ஒரு கோடு, எக்ஸ் சமம் 1 ஒரு கோடு, அடியில எக்ஸ் அச்சு. ஒரு முக்கோணம் கிடைக்குது. இப்ப வரிசையை மாத்துங்க: ஒய் முதல்ல, 0-ல இருந்து எக்ஸ் வரைக்கும், அப்புறம் எக்ஸ், 0-ல இருந்து 1 வரைக்கும். உள்ள ஒய் இல்லாததால முதல் தொகையீட்டுல வெறும் எக்ஸ் வந்து பெருக்கலா உக்காரும். எக்ஸ் இன்டு ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர், இதை பிரதியிடல் முறையில ஒரே வரியில முடிக்கலாம். விடை, ஈ-ல 1-ஐக் கழிச்சு ரெண்டால வகுத்தது. படத்துக்கு மார்க், மாறின எல்லைகளுக்கு மார்க், கடைசி விடை தப்பானாலும் ஸ்டெப் மார்க் உண்டு. வெத்துத் தாளுக்கு யாராலயும் எதுவும் போட முடியாது.

தமிழ் வழியில படிச்சு வந்தவங்களுக்குத் தனியா ஒரு விஷயம். உங்களுக்குக் கணக்கு தெரியும், பேருதான் தெரியாது. எல்லைன்னா லிமிட், தொடர்ச்சின்னா கன்டினியூட்டி, வகைக்கெழுன்னா டெரிவேட்டிவ், பெருமம் சிறுமம்னா மேக்ஸிமா மினிமா. ‘பகுதி’ங்கிற ஒரு வார்த்தைதான் கொஞ்சம் குழப்பும்: பகுதி வகைக்கெழு பார்ஷியல் டெரிவேட்டிவ், பகுதிப் பின்னம் பார்ஷியல் ஃப்ராக்ஷன், ஆனா பகுதித் தொகையிடல் இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ். பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகத்துல தமிழ் வழி ஒண்ணு, ஆங்கில வழி ஒண்ணு எடுத்து அதே பக்கத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. ரெண்டு வாரம் போதும். வகுப்புல புரியலன்னா தமிழ்லயே கேளுங்க, கூச்சப்பட ஒண்ணும் இல்ல. நாங்களும் ஸ்டாஃப் ரூம்ல தமிழ்லதான் பேசிக்கிறோம்.

அட்டெண்டன்ஸ் சுருக்கமா. 75 சதவீதம் வேணும், அது எல்லாப் பாடத்தையும் சேர்த்த கணக்கு. 65-க்கும் 75-க்கும் நடுவுல இருந்தா மருத்துவக் காரணம் மாதிரி தகுந்த காரணத்தோட சான்றிதழ் கொடுக்கணும். 65-க்குக் கீழ போனா அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். மொத்தக் கணக்குங்கிறதால கணக்கு பீரியடை மட்டும் கட் அடிச்சாலும் 75 வந்துடும்னு சில பேர் கண்டுபிடிச்சிருக்காங்க. வந்துடும்தான். வாரத்துக்கு மூணு லெக்சர், ஒரு டியூட்டோரியல், அதுல அந்த நாலாவது பீரியடுக்குத்தான் ஆள் குறையும். கணக்கு போட்டு, தப்பு பண்ணி, அங்கேயே திருத்திக்கிற ஒரே பீரியட் அதுதான்.

இன்டர்னல் 36 வாங்கினவங்க இதையும் போட்டுப் பாருங்க. மொத்தம் 71 எடுக்கணும்னு வெச்சுக்குங்க. உங்ககிட்ட 36 இருக்கு, மிச்சம் 35, அதுக்குப் பேப்பர்ல 59 எடுத்தா போதும். 45-க்கும் 59-க்கும் நடுவுல இருக்கிறது 14 மார்க். நாம பேசின கடைசி யூனிட்டுக்கே 20 மார்க்.

அடுத்த எபிசோட்ல கேலி-ஹாமில்டன் தேற்றம். நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வாங்க.