பழைய பாய்மரப் படகில் நீர்க்கசிவு: பசை பூசுவதற்கு முன்

லங்காவி, லுமுட், போர்ட்டிக்சன் ஆகிய ஊர்களுக்குச் சுற்றுலா சென்றவர்கள், படகுத்துறையில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் வெள்ளைப் பாய்மரப் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்வதோடு நம்மில் பலருக்கு அவற்றுடன் உள்ள தொடர்பு முடிந்துவிடுகிறது. அவற்றுள் பல நம்மைவிட வயதில் மூத்தவை. 1970களிலும் 1980களிலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ தைவானிலோ கட்டப்பட்டு, கடல் கடந்து வந்து, இங்கே பழுதுபார்ப்புக்காக நிற்பவை. கண்ணாடியிழையால் ஆன உடல் நாற்பது ஐம்பது ஆண்டுகள் தாங்கிவிடும். ஆனால் உள்ளே ஓடும் குழாயும், குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பும், இடுக்கை அடைக்கும் பசையும் அவ்வளவு காலம் தாங்குவதில்லை.

இயந்திரப் பொறியியல் பயிலும் நான் தொழிற்பயிற்சிக்காகப் பத்து வாரம் ஒரு படகுப் பட்டறையில் இருந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த வேலைகளுள் பாதிக்கு மேல் ஒரே வகைதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அடைக்க வேண்டும். வீட்டுக் குழாய் ஒழுகினால் தரை நனையும், தண்ணீர்க் கட்டணம் கூடும். படகில் அப்படியல்ல. எவ்வளவு வேறுபாடு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நீர்மட்டத்திற்கு 60 சென்டிமீட்டர் கீழே, 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பழைய படகின் கழிப்பறைக் குழாய்க்கு ஏறக்குறைய இந்த அளவுதான். அந்த ஆழத்தில் தண்ணீர் நொடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் உள்ளே பாயும். நாம் விரிவுரையில் படித்த டாரிசெல்லியின் சூத்திரம்தான் இது. துளையின் பரப்பால் பெருக்கினால் நிமிடத்திற்கு 230 லிட்டர் வரும். துளையின் விளிம்பில் ஏற்படும் இழப்புக்காக நாற்பது விழுக்காட்டைக் கழித்தாலும் 140 லிட்டர் மிஞ்சுகிறது. சிறிய படகுகளில் பொருத்தப்படும் 500 கேலன் பம்ப் என்பது, பெட்டியில் அச்சிட்ட அளவை அப்படியே நம்பினாலும், நிமிடத்திற்கு 32 லிட்டருக்கும் குறைவாகத்தான் வெளியேற்றும். மேலே தூக்கிக் கொட்ட வேண்டியிருப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. ஒரு கிளிப் துருப்பிடித்து அறுந்து, குழாய் கழன்றால் படகு நிற்காது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? படகுகள் நடுக்கடலில் மட்டுமல்ல, துறையில் கட்டிக் கிடக்கும்போதே மூழ்குவதும் இதனால்தான்.

படகின் இடுக்கை அடைப்பது நமக்குப் புதிய கலையும் அன்று. மரக்கலத்தின் பலகை இடுக்குகளை அடைக்கும் வேலைக்குக் 'கலப்பற்று' என்ற சொல் பழைய தமிழ் அகராதிகளில் இருக்கிறது. திரெங்கானுவின் பூலாவ் டுயோங் தீவில் செங்கால் மரத்தால் படகு கட்டும் மலாய்க் கைவினைஞர்கள், பலகைகளுக்கு இடையே கெலாம் மரப்பட்டையை வைத்து அடைப்பார்கள். தண்ணீர் பட்டதும் பட்டை உப்பி இடுக்கை மூடிக்கொள்ளும். கண்ணாடியிழைப் படகில் பலகை இடுக்கு இல்லை. ஆனால் உடலைத் துளைத்துச் செல்லும் குழாய்ப் பொருத்துகள் பத்துக்கும் மேல் இருக்கலாம். கலப்பற்று வேலை அங்கே இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, கசிவைத் தேடுவது எப்படி? படகின் அடிவயிற்றில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தைப் பில்ஜ் என்பார்கள். எங்கே ஒழுகினாலும் தண்ணீர் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஆகவே பில்ஜில் தண்ணீரைக் கண்டதும், அதற்கு நேர்மேலே பசைக்குழலை நீட்டுவதில் பயனில்லை. முதல் கேள்வி, அது நன்னீரா உப்புநீரா என்பது. நன்னீர் என்றால் குடிநீர்த் தொட்டி, குழாய் அல்லது மழை. உப்புநீர் என்றால் கடல், அதாவது உயிருக்கு ஆபத்தான வகை. சிலர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். டீசலும் கழிப்பறை நீரும் கலந்திருக்கக்கூடிய இடத்தில் இது தேவையற்ற வீரம். கறுப்புத் தட்டொன்றில் சில சொட்டுகளை விட்டு வெயிலில் வைத்தால் போதும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பில்ஜில் பல ஆண்டுகளாகப் படிந்த பழைய உப்பு, புதிதாக வரும் மழைநீரையும் உப்பாக்கிக் காட்டும். எனவே முதலில் நன்னீரால் கழுவி, கடற்பஞ்சு கொண்டு ஒற்றி, முற்றிலும் உலர்த்திவிட வேண்டும். எங்கள் பட்டறையில் எல்லாரும் 'மாமா' என்று அழைக்கும் மூத்த தொழிலாளி முதல் நாளே என்னிடம் சொன்னார்: "தம்பி, மொதல்ல தொட. காஞ்ச எடத்துலதான் கசிவு தெரியும்." உலர்த்திய பின் ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ தாளை விரித்துவிட்டு, மறுநாள் காலையில் எந்தத் தாள் நனைந்திருக்கிறது என்று பார்ப்போம். சந்தேகத்திற்குரிய கழுவுதொட்டியில் கேசரிக்குப் போடும் கலர்ப் பொடியைக் கரைத்து ஊற்றி, பில்ஜில் சிவப்பு வருகிறதா என்று பார்ப்பதும் உண்டு. செலவில்லாத வழிகள்தாம். ஆனால் பொறுமை வேண்டும்.

நன்னீர்க் குழாயில் அழுத்தப் பம்ப் இருந்தால் அதுவே துப்புக் கொடுக்கும். இரவில் யாரும் குழாயைத் திறக்காதபோதும் பம்ப் சற்று நேரத்திற்கு ஒருமுறை ஓடி ஓடி நின்றால், பம்புக்கு அப்பால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். பம்ப் அமைதியாக இருக்க, பில்ஜ் மட்டும் நனைந்தால் தொட்டியையோ மழையையோ சந்தேகிக்கலாம். அமெரிக்கப் படகுகளில் சாம்பல் நிறப் பாலிபியூட்டலின் குழாய்களைக் கண்டால் ஒட்டுப் போடுவதை விட்டுவிட்டு முழுவதையும் மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. 1970களின் பிற்பகுதியிலிருந்து 1995 வரை பரவலாகப் பயன்பட்ட அவ்வகைக் குழாய், இணைப்புகளில் வெடிப்பதற்குப் பெயர் பெற்றது.

நம் நாட்டில் பழைய அமெரிக்கப் படகைப் பழுதுபார்ப்போருக்கு மட்டுமே உரிய தலைவலி ஒன்றுண்டு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நம் இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும் குழாய்ப் பொருத்துகள் பிரிட்டிஷ் மரையில் அமைந்தவை. அமெரிக்கப் படகில் இருப்பதோ அமெரிக்க மரை. அரை அங்குல அளவிலும் முக்கால் அங்குல அளவிலும் இரண்டுக்குமே அங்குலத்திற்கு 14 மரைகள்தாம். அதனால் ஒன்று மற்றொன்றில் ஏறும். இரண்டு மூன்று சுற்றில் இறுகவும் செய்யும். பொருந்திவிட்டது என்றே கை சொல்லும். ஆனால் பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. விட்டத்திலும் சிறு வேறுபாடு உண்டு. பற்கள் முழுமையாகப் படியாமல், திருகுச் சுருளைப் பின்பற்றித் தண்ணீர் வழி கண்டுகொள்ளும். வெள்ளை டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இது நிற்காது. கசிகிறதே என்று ஸ்பானரால் மேலும் முறுக்கினால் பிளாஸ்டிக் பொருத்து விரிசல் விடும். சில நாள் நின்று மீண்டும் ஒழுகும் இணைப்புகளில் இக்காரணத்தை முதலில் பார்க்க வேண்டும்.

வெள்ளை டேப்பைப் பற்றி இன்னொரு சொல். அது குறுகிச் செல்லும் மரைக்கு உரியது. உள்ளே ரப்பர் வளையம் வைத்து அடைக்கும் பொருத்துக்கு டேப் தேவையில்லை. சுற்றினால் வளையம் சரியாக அமராமல் புதுக் கசிவு உண்டாகும்.

உப்புநீர்ப் பக்கம் வருவோம். உடலைத் துளைத்து வரும் ஒவ்வொரு குழாயிலும், உட்புறத்தில் சீகாக் எனப்படும் வால்வு இருக்க வேண்டும். அது வெண்கலமாகவோ கடலுக்கென்று செய்த வலுவூட்டிய நைலானாகவோ இருப்பது நலம். சாதாரணப் பித்தளை பார்வைக்கு வெண்கலம் போலவே மின்னும், விலையும் குறைவு. ஆனால் கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். எஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு. சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால், அந்தப் பொருத்தை அன்றே கழற்றிவிட வேண்டும். கிளிப்புகளையும் வெளிப்புறத்தை மட்டும் பார்த்து நம்பக்கூடாது. பட்டை பளபளக்கும், திருகு துருப்பிடித்திருக்கும். திருகு இருக்கும் பெட்டிக்குள் உப்புநீர் தேங்குவதால் அங்கேதான் முதலில் அறுகிறது. புதிது வாங்கும்போது ஒரு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். திருகு வலுவாக ஒட்டினால் அது கடலுக்கு ஏற்ற எஃகு அன்று.

எல்லாம் சரியாக இருந்தும் கழிப்பறை வழியாகத் தண்ணீர் ஏறுகிறதா? நீர்மட்டத்திற்குக் கீழே கழிப்பறை இருந்தால், குழாயை மேலே வளைத்துக் கொண்டுசென்று உச்சியில் சிறிய காற்று வால்வு வைத்திருப்பார்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து பெட்ரோலை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே முறையில் கடல் உள்ளே இழுபடாமல் இருக்கவே அந்தக் காற்று. உப்புப் படிந்து அந்த வால்வு அடைத்துக்கொண்டால் பாதுகாப்பு போய்விடும். இங்கே அடைக்கப் பசை வேண்டியதில்லை. வெந்நீரில் கழுவினாலே போதும்.

இப்போது பசைக்கு வரலாம். ஒரு படகில் முந்தைய உரிமையாளர் எல்லாப் பொருத்துகளின் விளிம்பிலும் சிலிக்கோனைப் பூசி வைத்திருந்தார். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பசை என்பது மேலே பூசும் மருந்தன்று. இரு பரப்புகளுக்கு இடையே இருந்து இடைவெளியை நிரப்பும் மெத்தை. பிடித்து வைத்திருப்பது நட்டின் வேலை. ஆகவே குழாய் செருகும் முனையில் பசை தடவி மாட்டுவதும் வீண். அங்கே குழாயும் கிளிப்பும் சரியாக இருந்தால் ஒழுகாது, சரியில்லையென்றால் பசை அதை மறைத்து வைக்கும்.

எந்தப் பசை என்று கேட்பதற்கு முன் மூன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இடம் நீருக்குக் கீழா, எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்கிறது, பின்னாளில் அதைக் கழற்ற வேண்டி வருமா. மூன்றாவது கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பாலியூரிதேன் வகையில் த்ரீ எம் 5200 மிகவும் பெயர் பெற்றது. அதன் பிடி அத்தகையது. பின்பு கழற்ற முயன்றால் கண்ணாடியிழையின் மேற்பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரலாம். வலுவானது என்பதற்காகவே அதை எங்கும் பூசுவதை நான் ஏற்கவில்லை. சீகாக் என்றாவது மாற்றப்பட வேண்டியதே. அதே இனத்தில் பிடி குறைந்த 4200, சிக்காபிளெக்ஸ் 291 ஆகியவை அவ்விடத்திற்குப் போதுமானவை. பாலிசல்பைடும் நீருக்குக் கீழே நன்றாக உழைக்கும். தேக்குத் தள இடுக்குகளுக்கும் அதுவே ஏற்றது. ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கில் பட்டால் அதை அரித்துவிடும். எனவே பிளாஸ்டிக் சன்னலுக்கு அதை எடுக்கக்கூடாது.

சிலிக்கோனை முழுவதும் ஒதுக்கவும் வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகும், வெயிலைத் தாங்கும். குடிநீர்த் தொட்டி மூடிக்கு, உணவுக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிட்ட வகையைப் பயன்படுத்தலாம். குறை என்னவென்றால், ஒருமுறை பூசிய இடத்தில் எண்ணெய்போல் ஒரு படலம் தங்கிவிடும். அதன்மேல் பெயிண்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. காடிமணம் வீசும் வகை உலோகத்தையும் அரிக்கும். தளத்தின் மேலுள்ள இரும்புப் பொருத்துகளுக்கு, அதாவது மழை இறங்கும் இடங்களுக்கு, என் தேர்வு பியூட்டைல் டேப். அது இறுகி உலர்வதே இல்லை. களிமண்போல் பிசைந்து ஆணியைச் சுற்றி வைத்து, ஒரே மூச்சில் முறுக்காமல் இரண்டு மூன்று நாள்களில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். எரிபொருள் பட்டால் இளகிவிடும் என்பதால் டீசல் நிரப்பும் மூடியருகே வேண்டாம்.

பூசும் வேலை அரை மணிதான். அதற்கு முன் சுரண்டித் துடைப்பதற்கு அரை நாள் போகும். பழைய பசை துளியும் இருக்கக்கூடாது. புதியதைத் தாராளமாகத் தடவி, சுற்றிலும் சீராகப் பிதுங்கும் வரை மட்டும் நட்டை இறுக்க வேண்டும். முழுவதும் முறுக்கினால் பசையெல்லாம் வெளியேறி, நடுவில் மெத்தையே இல்லாமல் போய்விடும். பாலியூரிதேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. நம் நாட்டு வானிலையில் அதற்குக் குறைவில்லை. அதே காரணத்தால், திறந்த குழல் அடுத்த வேலைக்குள் கல்லாகிவிடும். சாதாரண 5200 முழுமையாக இறுக ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். படகைக் கடலில் இறக்கும் நாளை அதற்கேற்பக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இறக்கும்போதும் உடனே பட்டைகளைக் கழற்றச் சொல்லாதீர்கள். படகு தூக்கியில் தொங்கியபடியே நீரில் அமரட்டும். ஒருவர் உள்ளே இறங்கி ஒவ்வொரு சீகாக்காகத் திறந்து, உலர்ந்த டிஷ்யூவால் இணைப்பைச் சுற்றி ஒற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சீகாக்கின் அருகிலும் அதன் துளைக்குப் பொருந்தும் மென்மரக் கூம்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தால், குழாய் கழன்றாலும் அதை அடித்து அடைக்கலாம். பத்து நிமிடம் தாள் நனையாவிட்டால் பட்டைகளைக் கழற்றலாம். அன்று இரவும், மறுநாள் காலையும், மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.