ஆச்சிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்

அந்த நோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 40 பக்க நோட்டு. அட்டையில் பெயர், வகுப்பு, அணியின் பெயர் பருந்து. உள்ளே நாளுக்கு ஒரு வரி. ஜூலை 3: ஆச்சிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஜூலை 4: ஆச்சிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். இப்படியே 19 நாள். இரண்டு இடத்தில் பேனா மாறியிருந்தது, அவ்வளவுதான்.

சாரணர் படையில் சேரும் பையன் தினமும் யாருக்காவது ஒரு நற்செயல் செய்ய வேண்டும். அதை மறக்காமலிருக்கக் கழுத்து ஸ்கார்ஃபின் நுனியில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டுக்கொள்வது பழைய வழக்கம். செய்து முடித்தபின் முடிச்சை அவிழ்க்கலாம். செய்ததை நோட்டில் எழுதி வெள்ளிக்கிழமை மாலை சாரண ஆசிரியரிடம் காட்ட வேண்டும். சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே, ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு பள்ளியில் நான்தான் அந்த சாரண ஆசிரியர்.

பருந்து அணிப் பையனின் அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏல, பொய் எழுததுக்கா இந்த நோட்டு? ஒரே வரியைப் பாத்துப் பாத்து எழுதியிருக்க?" என்றேன். அவன் அணியில் மற்ற 7 பேரும் வரிசையில் நின்றிருந்தார்கள். அவன் பதில் சொல்லவில்லை. ஸ்கார்ஃபைக் கழற்றினான். மடிப்புக் கலையாமல் சுருட்டி மேசைமேல் வைத்தான். அதைக் கோக்கும் தோல் வளையத்தை அதன்மேல் வைத்தான். போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஒரே அறை வீடு. அம்மா வாசல் நிழலில் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கேரளத்தில் ஹோட்டல் வேலை. உள்ளே கட்டிலில் ஆச்சி.

"வாங்க சார்வாள், இருங்க. எம்பேரன் எதுவும் சேட்டை பண்ணிட்டானோ?"

"இல்ல ஆச்சி, சும்மா பாக்கத்தான் வந்தேன்."

நான் கேட்காமலே அவளே சொன்னாள். விழுந்து இடுப்பு முறிந்து இரண்டு வருஷம் ஆகிறது. தெருக் குழாயில் விடிய நாலரை மணிக்குத்தான் தண்ணீர் வரும். "அவன் அம்மைக்குக் குனிஞ்சு கொடம் தூக்க முடியாது. இவன்தான் எட்டு, பத்து கொடம் கொண்டாந்து ஊத்துவான். அதுல பாதி எனக்கே செலவாயிரும் சார்வாள். கெடையில கெடக்கவளுக்குத் துணி அலசணும்லா." எட்டு, பத்துக் குடத்தைத்தான் அவன் ஒரே வரியில் அடக்கியிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அதே 7 பேர் முன்னால் நின்று, "தப்பு என்னோடது. விசாரிக்காம உன்னைப் பொய்யன்னு சொன்னேன். மன்னிச்சிரு" என்றேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஊரறியச் செய்த தப்புக்கு மறைவில் மன்னிப்புக் கேட்பது சரியில்லை என்று பட்டது. அவன் ஸ்கார்ஃபை வாங்கிக் கட்டிக்கொண்டான். ஒன்றே ஒன்று கேட்டான்: "நாளைக்கும் அதையே எழுதலாமா சார்?"

சொந்த வீட்டு வேலை நற்செயல் ஆகுமா, அது கடமைதானே என்று சாரண ஆசிரியர்கள் கூடும்போதெல்லாம் வாதம் நடக்கும். கடமைக்கு மேற்பட்டதுதான் நற்செயல் என்பார்கள். புத்தகப்படி அது சரியாகவே இருக்கட்டும். 13 வயதில் நாலரை மணிக்கு எழுந்து குழாயடியில் நிற்கிறவனிடம் அந்த வித்தியாசத்தைப் பேச எனக்கு வாய் வராது.

சாரணர் இயக்கத்தின் சட்டம் ஒன்பது விதிகள். நம்பத்தக்கவனாயிரு, விசுவாசமாயிரு, எல்லோருக்கும் நண்பனாயிரு, மரியாதையாய் நட, விலங்குகளையும் இயற்கையையும் நேசி, கட்டுப்பாட்டோடிரு, துணிவோடிரு, சிக்கனமாயிரு, எண்ணம் சொல் செயல் மூன்றிலும் தூய்மையாயிரு என்பது சாரம். இந்த ஒன்பதில் நம்பிக்கை முதலாவதாக நிற்பதைப் பல வருஷம் நான் ஒரு பக்கமாகவே படித்துவந்தேன். பையன் நம்பத்தக்கவனாக இருக்க வேண்டும் என்று மட்டும். அவன் சொல்லை நான் நம்பியாக வேண்டும் என்பதும் அதே விதிக்குள் இருக்கிறது. அன்றைக்கு விதியை மீறியவன் நான்தான்.

இந்த இயக்கத்தைத் தொடங்கியவருக்கும் இதே சறுக்கல் நேர்ந்திருக்கிறது. பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்கு 20 பையன்களைக் கூட்டிப்போய் முகாம் போட்டார். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருந்த முகாம். இந்தியாவில் 1909-ல் பெங்களூரில் முதல் படை அமைந்தது. ஆனால் அது வெள்ளையர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்குத்தான். நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் தம் சகா அருண்டேலோடு சேர்ந்து இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். வடக்கே மதன்மோகன் மாளவியாவும் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர் படையை நடத்தினார்கள். 1937-ல் டெல்லியில் நடந்த ஜாம்போரி என்ற சாரணர் பெருமுகாமுக்கு வந்த பேடன் பவல் இந்தியர்களின் குணத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை பலரையும் புண்படுத்தியது. அடுத்த வருஷமே இந்துஸ்தான் சாரணர் சங்கம் என்று தனியாகப் பிரிந்து போனார்கள். எல்லாம் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் பிறந்தது 1950 நவம்பர் 7-ந்தேதி. மறுவருஷம் சாரணியரும் சேர்ந்தார்கள்.

சாரணன் எடுக்கும் உறுதிமொழி மானத்தின் மேல் எடுப்பது. மானம் என்ற சொல்லை எங்கள் ஊர்ப் பையனுக்குப் பாடம் நடத்தி விளக்க வேண்டியதில்லை. கடன்காரன் வாசலில் வந்து நின்றால் அம்மா முகம் எப்படிப் போகும் என்று அவன் பார்த்திருப்பான். ஸ்கார்ஃபைக் கழற்றி மேசைமேல் வைத்தானே, அதுதான் மானம்.

நல்லொழுக்கத்தைப் பேச்சால் ஊட்டிவிட முடியும் என்று நம்புகிற பெரியவர்கள் நிறைய. காலைக் கூட்டத்தில் அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தி ஒழுக்கம் பற்றிப் பேசுவார்கள். பின்வரிசையில் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். சாரணர் முறை வேறு மாதிரி. ஆறிலிருந்து எட்டுப் பேர் ஓர் அணி. அவர்களில் ஒருவன் அணித்தலைவன். வேலையை அணியிடம் கொடுத்துவிட்டுப் பெரியவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நிற்பதுதான் இதில் கஷ்டமான பயிற்சி. அதற்கு எந்த பேட்ஜும் கிடையாது.

பாபநாசம் பக்கம் இரண்டு ராத்திரி முகாம் போட்டால் காய்கறிப் பணத்தை அணித்தலைவன் கையிலேயே கொடுத்துவிடுவேன். ஒரு முறை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மலிவாகக் கிடைத்தது என்று பழுத்துப்போன தக்காளியை 5 கிலோ வாங்கி வந்துவிட்டான். மறுநாள் பாதி அழுகல். மூன்று வேளையும் ரசம். பக்கத்து அணியில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு மணத்தது. என் பையில் பணம் இருந்தது, எடுக்கவில்லை. அடுத்த முகாமில் அதே பையன் ஒவ்வொரு தக்காளியையும் கையில் உருட்டிப் பார்த்து வாங்கியதைக் கடைக்காரர் வந்து சொன்னார். சிக்கனம் என்ற எட்டாவது விதியை நான் அவனுக்கு நடத்தவேயில்லை.

முடிச்சுகளும் அப்படித்தான். கட்டுப்போட ரீஃப் முடிச்சு. வலதை இடதின் மேல் போட்டு, பிறகு இடதை வலதின் மேல் போட வேண்டும். அப்போதுதான் முடிச்சு தட்டையாக உட்கார்ந்து காயத்தில் உறுத்தாது. இரண்டு தடவையும் வலதையே போட்டால் நழுவிவிடும். கம்பத்தில் கட்டக் குளோவ் ஹிட்ச். மாடு வளர்க்கிற வீட்டுப் பையன் கட்டுத்தறியைப் பார்க்காமலே அதைப் போடுவான், பெயர்தான் தெரியாது. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன் முடிச்சுப் பழகும் அன்றைக்கு மற்ற எல்லோருக்கும் வாத்தியார். அந்த ஒரு மாலைக்குப் பிறகு அவன் நடையே மாறிவிடும். இதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு ஆறு பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலோடு சேர்கிற தாமிரபரணி, ஏறக்குறைய 128 கிலோமீட்டரில் ஓர் உலகத்தையே காட்டிவிடும். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனால் சுலோசன முதலியார் பாலத்தில் நிறுத்துவேன். அவர் கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்தவர். ஜனங்கள் ஆற்றைக் கடக்கப் படும் பாட்டைப் பார்த்துச் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்த பாலம். 1843-ல் திறந்தது. இன்றைக்கும் பஸ் ஓடுகிறது. அதற்குமேல் நான் எதுவும் சொல்வதில்லை. பையன்கள் எட்டித் தண்ணீரைப் பார்ப்பார்கள்.

பாபநாசத்தில் ஒரு வழக்கம் உண்டு. பரிகாரம் என்று குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். ஒரு முறை அதை எடுக்கப் போனோம். முழங்கால் அளவுத் தண்ணீருக்கு மேல் யாரும் போகக் கூடாது என்பது என் கட்டளை. மணல் ஏறிய சேலை ஒன்றை இழுக்க மூன்று பேர் வேண்டும். பாறை இடுக்கில் வேர்மாதிரி பின்னிக் கிடக்கும். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். கரையேற்றிப் பிழிந்தால் கறுப்பாகச் சேறும், செத்த நண்டும். காலையிலிருந்து எடுத்தது ஒரு குவியல் ஆயிற்று. பக்கத்திலேயே ஓர் அம்மாள் குளித்து எழுந்து பழைய சேலையைத் தண்ணீரில் விடக் கையை நீட்டினாள். எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான். "எங்கிட்ட தாங்கம்மா" என்றான். அவ்வளவுதான். அவள் அவனையும் கரையிலிருந்த குவியலையும் பார்த்தாள். சேலையைப் பிழிந்து சாக்கில் போட்டாள். பின்னால் வந்தவர்களும் போட்டார்கள். நான் பேசியிருந்தால் அங்கே சண்டைதான் வந்திருக்கும்.

இப்போது பெற்றோர்கள் பையனைச் சேர்க்கும்போதே கேட்கிறார்கள், ராஜ்ய புரஸ்கார் விருது எத்தனை வருஷத்தில் வரும், ராஷ்டிரபதி விருது கிடைத்தால் எதில் சலுகை என்று. கேட்பதில் தப்பில்லை. பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான் என்று படிப்படியாக ஏறித்தான் அங்கே போக வேண்டும். 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த வைரவிழா ஜாம்போரிக்கு நாடு முழுவதுமிருந்து பிள்ளைகள் வந்திறங்கியதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் சான்றிதழுக்காக எழுதப்படும் நோட்டுகளில் நற்செயல்கள் தினம் ஒரு வகையாக, அழகழகாக இருக்கும். பார்வையற்றவருக்குச் சாலை கடக்க உதவினேன் என்று ஒரே வாரத்தில் 6 பேர் எழுதியிருப்பார்கள். சிற்றூரில் அத்தனை பார்வையற்றவர்களும் இல்லை, கடக்க அப்படிச் சாலையும் இல்லை. அதை எழுத வைத்தது நாம்தான். வரி வித்தியாசமாக இருந்தால் மார்க் போட்டோம்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே வெள்ளம் நிற்கும்போது அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். எங்கள் பக்கமும் ஆறு கரை மீறி வந்தது. பள்ளிக்கூடம் நிவாரண முகாம் ஆயிற்று. நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். பழைய பழக்கத்தில் போய் நின்றேன். படையிலிருந்த பையன்கள் வெள்ளத்தில் இறங்கி உதவத் துடித்தார்கள். ஒருவரையும் விடவில்லை. ஓடுகிற தண்ணீர் இடுப்பளவு இருந்தாலே பெரியவர்களையும் இழுத்துவிடும். தயாராயிரு என்ற சாரணர் வாக்குக்குத் தன் பலம் எவ்வளவு என்று தெரிந்திருப்பதும் அர்த்தம்தான். பாய் விரிப்பது, குழந்தைகளுக்குப் பால் காய்ச்சுவது, வந்து இறங்கும் பொருளை எண்ணிக் கணக்கு எழுதுவது, இதெல்லாம் அவர்கள் வேலை.

சாமான் அறைச் சாவியை 14 வயது அணித்தலைவன் ஒருவனிடம் கொடுத்தேன். நிவாரணப் பொருள் விஷயம், சின்னப் பையனிடமா என்று ஒருவர் காதில் கேட்டார். அவனிடமே இருக்கட்டும் என்றேன்.

மூன்றாம் நாள் ராத்திரி கணக்கு நோட்டை வாங்கினேன். கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சம். அரிசி, பருப்பு, பாய், நாப்கின், தீப்பெட்டி, எல்லாம் வரவு செலவோடு எழுதியிருந்தது. பிஸ்கட் வரிக்கு நேரே மட்டும் சின்ன எழுத்தில்: "2 பாக்கெட் குறையுது. ராத்திரி பசிச்சது. நாங்க 6 பேரும் பிரிச்சுத் தின்னோம்."

கேள்வி எதுவும் கேட்காமல் கீழே கையெழுத்துப் போட்டுச் சாவியைத் திரும்ப அவன் கையிலேயே கொடுத்தேன்.