திட்டமிடலும் தவக்குலும்: நம் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி



சென்ற கல்வியாண்டில் நமது டிரஸ்ட் வழியாகக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முயன்ற பிள்ளைகளில் மூவர் வாய்ப்பை இழந்தார்கள். மதிப்பெண் குறைவு காரணமல்ல. வருமானச் சான்றிதழ் கடைசித் தேதி கடந்த பிறகே கைக்கு வந்தது. இ-சேவை மையத்தில் கொடுக்கும் மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனப் பல கைகளைத் தாண்டி வர வேண்டும். இதை முன்கூட்டியே நினைவூட்டாத குறை நம்மிடமும் உண்டு.

எனவே 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிக்கும் முறையைக் கற்றுத் தருகிறோம். கம்பெனிகளில் 'புராஜெக்ட் மேனேஜ்மென்ட்' என்பதும் இதுதான். பெற்றோரும் அறிய அதன் சாரம் இதோ:

1. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுதல். 30ஆம் தேதி கடைசி நாள் என்றால், 23ஆம் தேதியே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். சான்றிதழுக்கு மூன்று வாரம் ஒதுக்கினால், 2ஆம் தேதியே மனுக் கொடுக்க வேண்டும். அப்படியானால் ரேஷன் கார்டு, ஆதார் நகல்களை அதற்கு முந்தைய மாதமே எடுத்து வைக்க வேண்டும்.

2. வரிசை அறிதல். சான்றிதழ் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வங்கிக் கணக்கில் ஆதாரை இணைப்பது, போட்டோ எடுப்பது போன்றவற்றை அந்த நாட்களிலேயே முடிக்கலாம். இதைக் காட்டுவதே அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் நூறாண்டுகளுக்கு முன் பரவலாக்கிய 'கான்ட் சார்ட்'. மேலே தேதிகள், இடப்பக்கம் வேலைகள், ஒவ்வொரு வேலைக்கும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கோடு. கட்டம் போட்ட நோட்டே போதும். கூகுள் ஷீட்டிலும் போடலாம்.

3. பலகை. செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என மூன்று பத்திகள். ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. வேலை நகர நகரச் சீட்டும் நகரும். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் உருவான 'கான்பான்' முறையிலிருந்து வந்தது இது. நடுப்பத்தியில் இரண்டு சீட்டுக்கு மேல் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். ட்ரெல்லோ என்ற செயலியிலும் இதைச் செய்யலாம். ஆனால் பல வீடுகளில் செல்போன் அத்தாவிடம்தான் இருக்கிறது. சுவரில் ஒட்டிய சார்ட்டை வீட்டில் அனைவரும் பார்க்கலாம்.

4. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெயர், ஒரு தேதி. பள்ளியில் நால்வர் சேர்ந்து செய்யும் அறிவியல் கண்காட்சி வேலைக்கும் இதுவே. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், இவ்வளவு கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். ஹிஜ்ரத்தை எண்ணிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் படுக்கையில் அலீ (ரலி) படுத்திருந்தார்கள். மதீனா வடக்கே இருக்க, தெற்கிலுள்ள தவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். செய்தி கொண்டுவர அப்துல்லாஹ் பின் அபூபக்கர், உணவுக்கு அஸ்மா, ஆடுகளை ஓட்டிக் காலடித் தடத்தை மறைக்க ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி அன்ஹும்). வழிகாட்டியும் முன்பே கூலிக்கு அமர்த்தப்பட்டிருந்தார். இத்தனை ஏற்பாட்டுக்குப் பின்னும் நம்பிக்கை அல்லாஹ்வின் மீதே இருந்தது. முயற்சியைக் கைவிடுவதற்குத் தவக்குல் என்று பெயரில்லை.

இந்த வாரமே உங்கள் பிள்ளையுடன் அமர்ந்து, வீட்டிலுள்ள அசல் சான்றிதழ்களை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். இல்லாதவற்றைப் பட்டியலிட்டு, ஞாயிறு அஸருக்குப் பின் நடக்கும் வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், இவ்வாண்டு தேதி தவறியதால் ஒரு பிள்ளையும் பின்தங்கக் கூடாது.

வல்ல அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்று அருள்புரிவானாக. ஆமீன்.