சார்பிய நிரலாக்கத்தில் தரவு வகையும் தமிழ் அகரவரிசையும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தும்போது நேரும் பிழைகளுக்கு வரிசைப்படுத்தும் நிரலைவிட, எழுத்துக்கெனத் தேர்ந்தெடுக்கும் தரவு வகையே காரணமாகிறது என்பதை ஹாஸ்கல் மொழியின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சார்பிய நிரலாக்கம், தரவு வகை, அகரவரிசை, ஒருங்குறி, ஹாஸ்கல்.

முன்னுரை

கணிதச் சார்புகளை அடிப்படைக் கூறுகளாகக் கொண்டு நிரல் எழுதும் முறை சார்பிய நிரலாக்கம் எனப்படும். 1990இல் வெளிவந்த ஹாஸ்கல் அம்முறைக்குரிய மொழிகளுள் ஒன்று. அதில் ஒவ்வொரு மதிப்பும் ஒரு வகைக்கு உரியது. முழு எண், உண்மை அல்லது பொய், கேரக்டர் ஆகியன அடிப்படை வகைகள். வரிசைப்படுத்தத்தக்க வகைகள் ‘ஆர்ட்’ என்னும் வகுப்பில் அடங்கும். அவ்வகுப்பின் ஒப்பீட்டுச் சார்பு இரு மதிப்புகளைப் பெற்று, சிறியது, சமம், பெரியது என்னும் மூன்றனுள் ஒன்றை விடையாகத் தரும்.

கேரக்டர் வேறு, எழுத்து வேறு

ஹாஸ்கலில் கேரக்டர் என்பது ஓர் ஒருங்குறி எண்; சொல் என்பது கேரக்டர்களின் பட்டியல். சங்கரன்கோவிலை அடுத்த ‘திருவேங்கடம்’ என்னும் ஊர்ப்பெயரில் எழுத்துகள் ஏழு. கணினி அதன் நீளத்தைப் பன்னிரண்டு என்கிறது. உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனி எண்களாகக் கணக்கிடப்படுவதே காரணம்.

இவ்வேறுபாடு வரிசையையும் பாதிக்கிறது. ஒருங்குறியில் ‘ன’ எழுத்து ‘ந’வை அடுத்தும் ‘ற’ எழுத்து ‘ர’வை அடுத்தும் அமைந்துள்ளன. எனவே வலை, வழி, வளை, வனம் என நிற்க வேண்டிய சொற்கள் வனம், வலை, வளை, வழி என மாறுகின்றன. பகலுக்கு முன் நிற்க வேண்டிய பக்கம் பின்னே செல்கிறது. ஆயினும் தென்காசி மாவட்டத்தின் எட்டு வட்டங்களின் பெயர்களை, ஆலங்குளம் முதல் வீரகேரளம்புதூர் வரை, எண்ணுமுறையில் வரிசைப்படுத்தினாலும் சரியான வரிசையே கிடைக்கிறது. ஆகவே ஒரு பட்டியல் சரியாக அமைந்தது என்பதால் முறை சரியானது என்று கொள்ள இயலாது.

சமம் என்னும் உறவிலும் சிக்கல் உண்டு. ‘சங்கரன்கோவில்’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும், ஏகாரக் குறி, கால் என இரு எண்களாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டையும் கணினி வேறெனக் கொள்ளும்.

எழுத்தே வகையாதல்

தொல்காப்பியம் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டுமாக முப்பதை எழுத்து என்கிறது. உயிர்மெய் அவற்றின் கூட்டு. இப்பகுப்பை அவ்வாறே ஹாஸ்கல் வகையாக அறிவிக்கலாம். எழுத்து என்பது உயிர், அல்லது ஆய்தம், அல்லது ஒரு மெய்யும் அதனோடு ஓர் உயிர் இருத்தலோ இல்லாமையோ. இவ்வகையின் மதிப்புகள் 12 + 1 + 18 × 13 = 247. மரபு கூறும் எண்ணிக்கையும் இதுவே.

வரிசைக்கெனத் தனி நிரல் வேண்டியதில்லை. அறிவிப்பில் முன்வருவதைச் சிறியதெனக் கொண்டு, ஒப்பீட்டுச் சார்பை ஹாஸ்கல் தானே தருவிக்கும். ‘இல்லாமை’ ‘இருத்தலுக்கு’ முன் நிற்பதால் க், க, கா என்னும் முறை அமைகிறது. மெய்களை க முதல் ன வரை மரபுமுறையில் அறிவித்தால் மேற்கண்ட வரிசைப் பிழைகள் நீங்குகின்றன. எழுத்துகளின் பட்டியலாகிய சொல்லும் முதலெழுத்திலிருந்து ஒப்பிடப்பட்டு உரிய இடம் பெறுகிறது.

கேரக்டர் பட்டியலை எழுத்துப் பட்டியலாக்க ஒரு சார்பு மட்டும் தேவை. ஓகாரத்தின் இரு பதிவுகளையும் அது ஒன்றாக்கும். மெய்யின்றி நிற்கும் உயிர்க்குறியை ஏற்க மறுக்கும். கிரந்த எழுத்து, எண், இடைவெளி ஆகியவற்றுக்கு வகையை விரிக்க வேண்டும்.

முடிவுரை

ஒருங்குறி எண்முறை அகரவரிசை அன்று. ஒருங்குறி அமைப்பே வரிசையாக்கத்திற்குத் தனி நெறிமுறை வகுத்துள்ளது. நூலக அட்டவணையிலோ வாக்காளர் பட்டியலிலோ இடம் மாறிய பெயர், தேடுபவருக்கு இல்லாத பெயராகிவிடும். எழுத்தை எழுத்தாகவே வகைப்படுத்தினால், வரிசை அவ்வகையிலிருந்தே பிறக்கும்.