'டி'யில் போட்டும் நகராத கார்

"கியர் பாக்ஸ் போச்சாம் மாமா" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தான் அக்கா மகன். பதினான்கு வருஷத்து ஆட்டோமேட்டிக் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தாம்பரம் பக்கம் சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறான். இன்ஜின் மட்டும் கத்த, வண்டி அசையவில்லை. நாலு பேர் தள்ளி ஓரம் கட்டினார்களாம். வந்து பார்த்த மெக்கானிக், பாக்ஸையே மாற்றணும் என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார். வண்டியின் இன்றைய விலையில் பாதி அதற்கே போய்விடும்.

"முதல்ல டீயைக் குடி" என்றேன்.

கிளாஸில் கரண்டியை விட்டுச் சுற்றிக் காட்டினேன். ஓரத்தில் மிதந்த ஏலக்காய்த் தோலும் சேர்ந்து சுற்றியது. கரண்டி அதைத் தொடவே இல்லை. டார்க் கன்வெர்ட்டரின் வேலையும் இதுதான். இன்ஜின் பக்கத்து இறக்கைகள் எண்ணெயைச் சுழற்றும். அந்த எண்ணெய் கியர் பாக்ஸ் பக்கத்து இறக்கைகளைத் தள்ளும். உள்ளே கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே எண்ணெய்தான். அதற்கு அழுத்தம் கொடுக்கும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் ஓடும். அதனால்தான் இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. ஓட்டுச் சக்கரங்கள் தரையில் உருள, கயிறு கட்டி வெகுதூரம் இழுத்துப் போனாலும் உள்ளே எண்ணெய் ஓடாமல் தேய்ந்துவிடும். (ஏஎம்டி வண்டிகளில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. அது மேனுவல் கியர் பாக்ஸுக்கு ஒரு இயந்திரக் கை வைத்துவிட்ட ஏற்பாடு. 2014-ல் செலேரியோவோடு நம்மூருக்கு வந்தது.)

"எண்ணெய் குறைஞ்சிருக்குமோ?"

குறைந்தாலும் இப்படி ஆகும். ஆனால் எண்ணெய்க் குறைவு பெரும்பாலும் முன்கூட்டியே ஜாடை காட்டும். 'டி' போட்டபின் ஒன்றிரண்டு நொடி தயங்கிப் பிடிக்கும், மேடு ஏறும்போது இன்ஜின் சுற்று மட்டும் எகிறும். கிளட்ச் தட்டு தேய்வதும் ஒரு நாளில் நடப்பதில்லை. எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடிக்கும். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்தால் எண்ணெய் ரோஸ் மில்க் மாதிரி ஆகிவிடும். அதைப் பார்த்துவிட்டால் நானே கையை விரித்துவிடுவேன்.

"நேத்து வரைக்கும் ஒரு குறையும் இல்ல மாமா."

அப்படியானால் மின்சாரக் கோளாறா? சென்சாரோ சாலினாய்டோ பழுதானால், கம்ப்யூட்டர் மிச்சமெல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே கியரைப் பிடித்துக்கொள்ளும். நாலு கியர் பாக்ஸ்கள் பலவற்றில் அது மூன்றாவது. வண்டி மாட்டு வண்டி மாதிரி கிளம்பும், ஆனால் கிளம்பும். ஸ்கேனரில் 0700 என்று கோடு வரும். அது வாசலில் காலிங் பெல் அடித்த மாதிரி. வந்திருப்பது யார் என்று கூட வரும் கோடுதான் சொல்லும்: 0750 என்றால் ஷிஃப்ட் சாலினாய்டு, 0720 என்றால் வேக சென்சார். பெல் சத்தத்தைக் கேட்டே பாக்ஸைக் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

"ரிவர்ஸ் விழுந்துச்சா?"

"அதுவும் இல்ல."

முன்னே போகவும் பின்னே போகவும் வேறு வேறு கிளட்ச். இரண்டும் ஒரே நொடியில் சாவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் விட்டுப்போயிருக்க வேண்டும்.

"தள்ளும்போது லீவர் எதுல இருந்துச்சு?"

"'பி'யிலதான். நகரலைன்னதும் போட்டது, பதற்றத்துல 'என்'னுக்கு மாத்தவே தோணல. ஆனாலும் உருண்டுச்சு."

கிளாஸைக் கீழே வைத்தேன். 'பி' என்பது ஒரு இரும்புப் பல். அது பாக்ஸின் அவுட்புட் ஷாஃப்டை நேராகக் கவ்விப் பிடிக்கும். எண்ணெயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பல் நல்லபடியாக இருந்தும் வண்டி உருண்டதென்றால் காரணம் இரண்டில் ஒன்று. சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஷாஃப்ட் ஒடிந்திருக்க வேண்டும், அல்லது லீவர் சொன்னது பாக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை.

"சிக்னல்ல நிக்கும்போது 'என்'னுக்கு மாத்துவியா?"

"ஆமா, கால் வலிக்கும்னு."

"மறுபடி 'டி' போட்டப்ப, டேஷ்போர்டுல எந்த எழுத்து எரிஞ்சுது?"

அவன் பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை. அந்த எழுத்து, லீவரிடம் கேட்டு எரிவதல்ல. பாக்ஸின் மேல் இருக்கும் சுவிட்ச்தான் அதற்குத் தகவல் கொடுக்கும். ஷாஃப்ட் ஒடிந்திருந்தால் லீவரோடு எழுத்தும் மாறும். லீவரையும் பாக்ஸையும் இணைக்கும் கேபிள் கழன்றிருந்தால் கடைசியாக எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும்.

கார் நின்ற இடத்துக்கு டூவீலரில் கிளம்பினோம். சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்து, லீவரை 'பி'யிலிருந்து 'டி' வரை இழுத்தான். டேஷ்போர்டில் 'என்' அப்படியே எரிந்தது. பானெட்டைத் திறந்து பேட்டரிக்கு அடியில் டார்ச் அடித்தேன். கேபிள் நுனி கழன்று தொங்கியது. அதற்குள் இருந்த புஷ், தொட்டதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

வந்த கையோடு டிப்ஸ்டிக்கையும் உருவித் துணியில் துடைத்தேன். வாடை இல்லை. ஆனால் சிவப்பு போய்ப் பழுப்பாகியிருந்தது.

"இதை மாத்தி எத்தனை வருஷமாச்சு?"

"அதையும் மாத்தணுமா மாமா?"