ஜப்பானிய ‘ஹிரகனா’ எழுத்துகள்: தமிழருக்கு எளிதாவது எது, இடறுவது எது?

கோலார் தங்கவயல்: கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்கு ஜப்பானியத் தொடர்பு புதிதன்று. இங்குள்ள சுரங்கத்தில் சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை 1965-ஆம் ஆண்டு பதிவு செய்த குழுவில், ஒசாகா நகரப் பல்கலைக்கழக அறிவியலாளர்களும் இடம்பெற்றிருந்தனர். 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் இவ்வூர்த் தமிழ் இளைஞர்களுக்கு ஜப்பானிய மொழி ஒரு கூடுதல் தகுதி. கோலார் மாவட்டம் நரசாபுரத்திலேயே ஹோண்டா ஆலை இயங்குகிறது.

அம்மொழியின் முதற்படி ஹிரகனா. அடிப்படை எழுத்துகள் 46. அவற்றின் வரிசை தமிழருக்கு அந்நியமாகத் தோன்றாது: உயிர் அ, இ, உ, எ, ஒ, பின்னர் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. சமஸ்கிருத எழுத்துமுறையைப் பயின்ற பௌத்தத் துறவிகள் வழியாக அமைந்த வரிசை இது. ‘ஹ’ வரிசை முற்காலத்தில் ‘ப’ ஒலியுடையது என்பதை அறிந்தால், அது ‘ப’வின் இடத்தில் நிற்பதன் காரணம் விளங்கும். ஆனால் க, கி, கு என்பதுபோல் வடிவ ஒற்றுமை கிடையாது. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே மனனம் செய்தே தீர வேண்டும்.

உண்மையான இடறல் உச்சரிப்பில்தான். தமிழில் ‘சக’ என எழுதினால் ககரம் தானாகவே மென்மையாக ஒலிக்கும். ஜப்பானியத்தில் வன்மையான ககரம் வந்தால் அச்சொல்லுக்குச் சரிவு என்று பொருள். மென்மையாக ஒலித்தால் அது கியூஷு தீவிலுள்ள ஒரு மாகாணத்தின் பெயர். எழுத்தின் வலது மேல்மூலையில் இடப்படும் இரு சிறு கோடுகளே மென்மையைக் குறிக்கின்றன. இரு ககரங்களுக்கும் தனி எழுத்துடைய கன்னடத்தைப் பள்ளியில் பயின்ற தங்கவயல் மாணவருக்கு, இவ்வகையில் சென்னை மாணவரைவிட வேலை எளிது.

மாத்திரைக் கணக்கும் இன்றியமையாதது. தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. ஹிரகனாவில் ‘ன்’ எழுத்துக்கு முழு மாத்திரை. ‘ஒபசன்’ என்றால் அத்தை அல்லது சித்தி. ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. நம் நாளிதழ்கள் ‘ஒசாகா’ என எழுதும் நகரின் பெயரிலோ நெடில் முதலெழுத்தில் மட்டுமே உள்ளது. ‘தெசு’ போன்ற சொற்களின் இறுதி உகரம் ஏறத்தாழ மறைந்துவிடும். குற்றியலுகரம் அறிந்தவருக்கு இது புதிதாக இராது.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுப் பகுதி இல்லை. கேட்டல் பகுதி உண்டு. அங்கே அத்தையையும் பாட்டியையும் காதால்தான் பிரித்தறிய வேண்டும்.